துபா வேர், தேயிலை, முப்பதாம் வீரியம்

பகாங் காடுகளில் துபா என்றொரு கொடி உண்டு. அதன் வேரை இடித்து, பால்போல் வடியும் சாற்றை ஆற்றில் கலந்தால் மீன்கள் மூச்சுத் திணறி மேலே மிதக்கும். ஒராங் அஸ்லி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த மீன்பிடி முறை இது. அந்தச் சாற்றில் வேலை செய்யும் நஞ்சின் பெயர் ரோட்டனோன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே நஞ்சை எலிகளின் இரத்தத்தில் சிறுகச் சிறுகப் பல நாள் செலுத்தினார்கள். எலிகள் கூனின, அசைவு மந்தமானது. மூளையைத் திறந்து பார்த்தபோது டோபமைன் சுரக்கும் செல்கள் அழிந்திருந்தன. நடுக்குவாதம் என்று நாம் சொல்லும் பார்கின்சன் நோயின் ஒரு சாயலை எலியிடம் உண்டாக்க நம் காட்டு வேரின் நஞ்சே உதவியது.

இன்னொரு நஞ்சு நமக்கு இதைவிட நெருக்கம். பாராகுவாட், 1962இல் சந்தைக்கு வந்த களைக்கொல்லி. மலேசியத் தோட்டங்களில் முதுகில் தகரத்தைச் சுமந்து ‘மருந்தடிக்கும்’ வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு 2002இல் இந்தப் பெண்களின் உடல்நிலை பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாக நிறுத்தியது. பாராகுவாட் அல்லது ரோட்டனோனைக் கையாண்ட அமெரிக்க விவசாயக் குடும்பத்தினரிடம் பார்கின்சன் ஏறத்தாழ இரண்டரை மடங்கு அதிகம் காணப்பட்டதாக 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆய்வுக்கூடங்களில் சுண்டெலிக்கு நோய்ச்சாயல் உண்டாக்கவும் பாராகுவாட் பயன்படுகிறது.

ஆகவே இந்த நோய்க்கு மருந்து என்று எவர் ஒரு குப்பியை நீட்டினாலும், அது எப்படிச் சோதிக்கப்பட்டது என்று கேட்கும் உரிமை தோட்டத்து மக்களுக்கு மற்றவர்களைவிட ஒரு படி கூடுதலாகவே உண்டு. “இத எலிக்குக் குடுத்துப் பாத்துட்டாங்களாம், நல்லா வேல செய்யுதாம்” என்று ஹோமியோபதிச் சீனி உருண்டைகளைக் காட்டி ரிங்லெட் பக்கத்தில், கணவருக்குப் பார்கின்சன் இருக்கும் அக்கா ஒருவர் சொன்னார். எலிக்குக் கொடுத்துப் பார்ப்பது என்றால் என்ன, அதை நேர்மையாகச் செய்ய எத்தனை படிகள் ஏற வேண்டும் என்பதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. மலேசியாவில் 2016ஆம் ஆண்டின் மரபு, துணைநிலை மருத்துவச் சட்டம் ஹோமியோபதியை அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. அங்கீகாரம் தொழிலை ஒழுங்குபடுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட உருண்டை ஒரு குறிப்பிட்ட நோயில் வேலை செய்கிறதா என்பதைச் சோதனைதான் சொல்ல வேண்டும்.

முதல் படி குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதை எழுதி வைப்பது. எடுத்துக்காட்டாக ஜெல்சிமியத்தை வைத்துக்கொள்வோம். கைகால் தளர்ச்சிக்கும் நடுக்கத்துக்கும் ஹோமியோபதியர்கள் அடிக்கடி நாடும் மருந்து இது. ஒரு கொடியின் வேரைச் சாராயத்தில் ஊறவைத்துத் தாய்த்திரவம் எடுப்பார்கள். அதில் ஒரு பங்கு, சாராயமும் தண்ணீரும் கலந்த கரைசல் 99 பங்கு. குப்பியை மூடி, உறுதியான மெத்தைமேல் ஓங்கி ஓங்கித் தட்டுவார்கள். இது முதல் வீரியம். அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 99 பங்கில் கலந்து தட்டினால் இரண்டாம் வீரியம். இப்படி முப்பது முறை போனால் 30 சி. ஹானிமன் 1796இல் முன்வைத்த கருத்திலிருந்து வளர்ந்த முறை இது.

கணக்கைப் பார்த்துவிடுவோம். பன்னிரண்டாம் வீரியத்தில் மூலப்பொருள் 1க்குப் பின்னால் 24 சுழியம் போட்ட எண்ணால் வகுபடுகிறது. ஒரு மோல் பொருளில் இருக்கும் மூலக்கூறுகள் 6.022 × 10²³. எனவே லிட்டருக்கு ஒரு மோல் என்ற அளவில், அதாவது இந்தத் தாய்த்திரவத்தில் கிடைக்கவே முடியாத அடர்த்தியில் தொடங்கினாலும், பன்னிரண்டாம் படியில் ஒரு லிட்டருக்கு ஒரு மூலக்கூறுகூடத் தேறாது. முப்பதாம் படியில் சுழியங்கள் 60. ஆகவே சோதிப்பவர் தன் கேள்வியை ஒளிவுமறைவின்றி எழுத வேண்டும்: ‘ஜெல்சிமியம் வேலை செய்கிறதா?’ என்பதல்ல கேள்வி. ‘ஜெல்சிமியத்தைத் தொட்டுப் பின் நீர்த்துப்போன சாராயம், ஜெல்சிமியத்தையே தொடாமல் அதே எண்ணிக்கை தட்டப்பட்ட சாராயத்தைவிட வேறாக நடந்துகொள்கிறதா?’ என்பதுதான். இந்த இரண்டாவது குப்பி இல்லாத சோதனையை நான் சோதனை என்றே ஏற்க மாட்டேன். வெறும் தண்ணீரோடு ஒப்பிட்டால் சாராயத்தின் விளைவையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மூன்றாவதாக ஒரு குப்பியும் தயார் செய்ய வேண்டும்: எடை போடக்கூடிய, வேலை செய்யும் என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருள். இங்கே பார்கின்சனுக்கு வழக்கமாகக் கொடுக்கும் லெவோடோபாவின் வரலாறு கைகொடுக்கும், அதில் நம் பங்கும் உண்டு. 1937இல் சென்னைச் சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரனும் ராமசாமியும் பூனைக்காலி விதையிலிருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து சுவீடனில் அர்விட் கார்ல்சன், சர்ப்பகந்தா வேரிலிருந்து வரும் ரெசர்ப்பினை முயல்களுக்குக் கொடுத்து அவற்றை அசைவற்றுக் கிடக்கச் செய்தார். பின் டோபாவைச் செலுத்தியதும் காது தொங்கிக் கிடந்த முயல்கள் எழுந்து நடமாடின. 2000இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளிடம் பூனைக்காலிப் பொடியையும் வழக்கமான லெவோடோபா மாத்திரையையும் எது எதுவென்று யாருக்கும் சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது 30 கிராம் பொடி மாத்திரையைவிட விரைவாக வேலை செய்யத் தொடங்கியது. மூலிகை என்பதால் யாரும் அதை ஒதுக்கவில்லை. விதையிலிருந்து விலங்கு, விலங்கிலிருந்து மனிதர் என்று ஒவ்வொரு படியிலும் எடை போட முடிந்ததால் அது தேறியது.

இரண்டாம் படி விலங்கைத் தேர்வது. எலிக்குத் தானாகப் பார்கின்சன் வருவதில்லை, நஞ்சு கொடுத்துத்தான் சாயலை உண்டாக்க வேண்டும். ரோட்டனோன் நோயின் இயல்புக்கு நெருக்கமானது. ஆனால் ஒரே அளவு வாங்கிய எலிகளில் சிலவற்றுக்கு மூளை சிதையும், சிலவற்றுக்கு ஒன்றும் ஆகாது. இந்த ஏற்ற இறக்கத்துக்குள் ஒரு பொய்யான ‘குணம்’ எளிதாக ஒளிந்துகொள்ளும். நானாக இருந்தால் எம்பிடிபி என்ற நஞ்சில் தொடங்குவேன். 1982இல் கலிபோர்னியாவில் கள்ளத்தனமாகச் செய்த போதை மருந்தில் இது கலந்திருந்து, ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சில நாளில் முதிய பார்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். லாங்ஸ்டன் என்ற மருத்துவர் அதைத் துப்புத் துலக்கினார். பெரிய எலி இதற்கு மசியாது, சி57பிஎல்/6 என்ற கறுப்புச் சுண்டெலிதான் வேண்டும். நாளுக்கு ஒரு கிலோ எடைக்கு 30 மி.கி. வீதம் ஐந்து நாள் என்பது பலரும் பின்பற்றும் முறை. கூண்டைத் துடைப்பவர்கூடக் கையுறை, முகக்கவசத்தோடு நிற்க வேண்டும். நஞ்சு சுண்டெலியின் சிறுநீரில் வெளியேறும்.

எம்பிடிபியில் ஒரு பொறி உண்டு, கவனியுங்கள். அது தானே கொல்லாது. மூளையில் உள்ள எம்ஏஓ-பி என்ற நொதி அதை எம்பிபி+ ஆக மாற்றிய பிறகுதான் டோபமைன் செல்லுக்குள் நுழைந்து அதன் ஆற்றல் உற்பத்தியை நிறுத்தும். எந்த மருந்தாவது அந்த நொதியைத் தடுத்தால் செல்கள் தப்பும். பார்ப்பவர் ‘மூளையைக் காத்தது’ என்று எழுதிவிடுவார். உண்மையில் அது நஞ்சு உருவாகாமல்தான் தடுத்திருக்கிறது. ஆகவே தனியே சில சுண்டெலிகளில், ஊசி போட்டு ஒன்றரை மணி நேரத்தில், மூளையில் எம்பிபி+ எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தாக வேண்டும். சாராயத்துக்கும் இங்கே தனிக் கவனம் தேவை. சுண்டெலியில் எம்பிடிபியின் கொடுமையைச் சாராயம் கூட்டும் என்பது 1980களிலேயே தெரிந்த செய்தி. ஹோமியோபதிக் கரைசலின் வாகனமே சாராயம் என்பதால், தட்டிய வெறும் சாராயக் குப்பி ஏன் அவ்வளவு அவசியம் என்று இப்போது விளங்கும்.

நோக்கத்தையும் இந்தப் படியிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். செல்களைக் காக்குமா என்று பார்க்க மருந்தை நஞ்சுக்கு முன்பிருந்தே கொடுக்க வேண்டும். அசைவை மீட்குமா என்று பார்க்க நஞ்சு வேலையை முடித்த பிறகு கொடுக்க வேண்டும். லெவோடோபா இரண்டாவதைச் செய்யும், முதலாவதைச் செய்வதில்லை. இரண்டையும் ஒரே கட்டுரையில் குழப்பி, எது நன்றாக வந்ததோ அதை மட்டும் தலைப்பில் போடுவது வழக்கமாகிவிட்ட கெட்ட பழக்கம்.

ஹோமியோபதியர் ஒருவர் இங்கே நியாயமாக ஒன்று கேட்பார்: “நாங்கள் நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, ஆளுக்குக் கொடுக்கிறோம். கனவு, பயம், தாகம் எல்லாம் விசாரித்துத்தான் தேர்வோம். சுண்டெலியிடம் எதை விசாரிப்பது?” கேள்வி சரிதான். அதற்கு விடை, சோதனை தொடங்கும் முன்பே அவரையும் உட்காரவைத்து, எந்த மருந்து, எந்த வீரியம், நாளுக்கு எத்தனை முறை என்பதை அவரே முடிவு செய்து கையெழுத்திட வைப்பது. கையெழுத்துக்குப் பின் முடிவு பிடிக்காவிட்டால் ‘தவறான வீரியம்’ என்று சொல்ல இடமிருக்காது. அவர் கையெழுத்திட மறுத்தால், ‘எலியிடம் சோதித்து நிரூபித்தோம்’ என்று குப்பியில் ஒட்டவும் இடமில்லை.

அனுமதி வாங்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் பல்கலைக்கழகங்களின் விலங்கு நெறிமுறைக் குழுக்களும், இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவும் கேட்பது ஒன்றே: இத்தனை உயிர்கள் ஏன்? பதிலைக் கணக்காகத் தர வேண்டும். குறைவாக எடுத்து எதையும் நிறுவ முடியாமல் போனால் எடுத்த அத்தனை உயிரும் வீண். மூலக்கூறே மிஞ்சாத கரைசலுக்காக நூறு சுண்டெலிகளுக்கு நஞ்சு கொடுப்பது தகுமா என்று ஒரு குழு உறுப்பினர் மறுத்தால், அவர் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

மூன்றாம் படி மறைப்பது. இதுதான் முழுச் சோதனையின் முதுகெலும்பு, இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ‘எலிக்கு நம்பிக்கை கிடையாது, ஆகவே எலியிடம் வேலை செய்தால் மருந்து உண்மை’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். எலிக்கு நம்பிக்கை இல்லைதான். கையில் நிறுத்தக் கடிகாரம் வைத்திருப்பவருக்கு உண்டு. 1963இல் ராபர்ட் ரோசென்தால் ஒரே வகை எலிகளை மாணவர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, சிலரிடம் ‘இவை கெட்டிக்கார எலிகள்’ என்றும் மற்றவரிடம் ‘இவை மந்தம்’ என்றும் சொன்னார். புதிர்ப்பாதையில் ‘கெட்டிக்கார’ எலிகளே வென்றன. மாணவர்கள் பொய் எழுதவில்லை; ஆசையோடு தூக்கிய கை வேறு, அலட்சியமாகத் தூக்கிய கை வேறு.

1988இல் பாரிஸ் அருகே ஜாக் பென்வெனிஸ்ட் நடத்திய ஆய்வு இன்னும் கடுமையான பாடம். மூலக்கூறு மிஞ்சாத அளவு நீர்த்த கரைசலும் மனித இரத்த அணுக்களைத் தூண்டுகிறது என்ற அவருடைய கட்டுரையை நேச்சர் இதழ் வெளியிட்டது. பின் இதழாசிரியர் ஜான் மேடாக்ஸ், மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, ஆய்வு முறைகேடுகளைத் துருவும் வால்டர் ஸ்டூவர்ட் மூவரும் நேரில் போனார்கள். எந்தக் குழாயில் எது என்ற குறியீட்டை உறையில் இட்டு மூடி, எவர் கையும் எட்டாதபடி ஆய்வுக்கூடத்தின் கூரையில் ஒட்டினார்கள். எண்ணுபவருக்குக் குழாயின் அடையாளம் தெரியாமல் போனதும் விளைவு மறைந்தது.

நம் சுண்டெலிச் சோதனையிலும் அப்படித்தான். குப்பிகளை ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் எண்ணிட்டுத் தர வேண்டும். சுண்டெலிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும். ஒரு கூண்டு முழுவதும் ஒரே மருந்து என்று வைத்தால் கூண்டின் இடம், வெளிச்சம், சண்டைக்காரச் சுண்டெலி ஒன்று என எல்லாமே மருந்தின் தலையில் விழும். எதை முதன்மை அளவாகக் கொள்வோம், எந்தச் சுண்டெலியை எந்தக் காரணத்தால் கணக்கிலிருந்து நீக்குவோம் என்பதை முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்ய வேண்டும். குறியீட்டு உறை வேறொரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருக்கட்டும்.

நான்காம் படி அளப்பது. கம்புச் சோதனையை அருகிருந்து பாருங்கள். அரை மீட்டர் உயரம், விரல் தடிமனில் சொரசொரப்பான கம்பு. உச்சியில் தலை மேல்நோக்கியிருக்கச் சுண்டெலியை வைப்பார்கள். நலமாக உள்ளது உடலை வளைத்துத் தலைகீழாகத் திரும்பி நாலு காலும் மாறி மாறிப் பதிய இறங்கிவிடும். டோபமைன் இழந்தது உச்சியிலேயே தயங்கும், முன்காலை எடுத்துவைத்து மறுபடி பின்னிழுக்கும், சில சமயம் திரும்ப முடியாமல் பக்கவாட்டில் சறுக்கி விழும். திரும்ப எடுத்த நொடிகள், இறங்க எடுத்த நொடிகள் இரண்டையும் தனித்தனியே குறிப்பார்கள். சுழலும் உருளைமேல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பது இன்னொரு அளவு. இவற்றைக் காணொளியாகப் பதிந்து, மருந்து எதுவென அறியாத இருவர் தனித்தனியே எண்ண வேண்டும்.

பிறகு மூளை. உறையவைத்த நடுமூளையை மில்லிமீட்டரின் இருபத்தைந்தில் ஒரு பங்கு தடிமனில் சீவி, டோபமைன் செய்யும் நொதியைப் பற்றிக்கொள்ளும் சாயத்தில் ஊறவைத்தால், கருநிறத் திட்டு என்ற பகுதியில் செல்கள் பழுப்பாகத் தெரியும். நஞ்சு தாக்கிய மூளையில் பழுப்பு மெலிந்து, இடையிடையே வெள்ளைத் தரை தெரியும். கண்ணளவில் ‘கூடுதலாக இருக்கிறது’ என்று சொல்லக் கூடாது. அந்தப் பகுதி முழுவதற்கும் கணக்கிடும் முறைப்படி எண்ண வேண்டும். பழுப்பு மறைந்தால் செல் செத்தது என்றும் பொருளல்ல, நொதி மட்டும் குறைந்திருக்கலாம். அதனால் எல்லாச் செல்களையும் காட்டும் வேறொரு சாயத்தாலும் எண்ணிப் பார்ப்பது கட்டாயம். டோபமைனின் அளவையும் இரசாயன முறையில் தனியே அளக்க வேண்டும்.

இந்தப் படியில் அலட்சியம் என்ன செய்யும் என்பதற்கு அண்மை உதாரணம் நம் பக்கத்திலேயே உண்டு. மகாராஷ்டிரத்தின் சிர்பூரில் ரஸ் டாக்ஸ் என்ற ஹோமியோபதி மருந்தை எலிகளின் நரம்பு வலியில் சோதித்த கட்டுரை 2018இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. ‘ஹோமியோபதி நிரூபணம்’ என்று இந்தியச் செய்தித்தாள்கள் கொண்டாடின. 2019இல் இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது. வெவ்வேறு சோதனைகளின் படங்கள் என்று காட்டப்பட்டவற்றில் சில ஒரே படமாக இருந்தன, ஒரு வரைபடத்தின் புள்ளிகளில் பெரும்பாலானவை இன்னொரு வரைபடத்திலும் அப்படியே இருந்தன. எடுத்துக்கொண்ட சாற்றில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியவில்லை என்றும் இதழ் எழுதியது. முதல் படியிலேயே நான் நின்று பேசியது இதனால்தான்.

தேயிலையையும் இதே தராசில் வைக்கலாம். நம் தொழிற்சாலைகளில் வாட்டி உருட்டிய கொழுந்து காற்றில் பச்சையிலிருந்து செம்புநிறத்துக்கு மாறும்போது தியாஃபிளவின் என்ற பொருள் உருவாகிறது. கறுப்புத் தேநீரின் பளபளப்புக்கு அது ஒரு காரணம். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர்கள் எம்பிடிபி கொடுத்த சுண்டெலிகளுக்குத் தியாஃபிளவினைத் தந்து, டோபமைன் செல்கள் ஓரளவு காக்கப்பட்டதாக 2012இல் வெளியிட்டார்கள். இதில் மில்லிகிராம் கணக்கு உண்டு, அளவைக் கூட்டலாம் குறைக்கலாம், வேறொருவர் அதே எடையில் மீண்டும் செய்து பார்க்கலாம். ஆனாலும் பத்து கோப்பை தேநீர் நடுக்கத்தை நிறுத்தும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். காரணம் ஐந்தாம் படி.

ஐந்தாம் படியில் குறியீட்டு உறை உடையும், எண்கள் வெளிவரும். விளைவு இல்லை என்றால் அதையும் அதே நீளத்தில் வெளியிட வேண்டும். இருக்கிறது என்றால், குப்பிகளுக்குப் புதிய குறியீடு இட்டு, தொடர்பே இல்லாத இன்னொரு ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்து, இம்முறை ரோட்டனோன் எலியில் செய்யச் சொல்ல வேண்டும். அங்கும் நின்றால்தான் மனிதரைப் பற்றிய பேச்சு. அதுவும் எச்சரிக்கையோடு: கோஎன்சைம் கியூ10 விலங்குகளில் நம்பிக்கை அளித்தது, 600 நோயாளிகளிடம் நடந்த சோதனை பயனில்லை என்று இடையில் நிறுத்தப்பட்டு 2014இல் அறிவிக்கப்பட்டது. கிரியேட்டினும் சுண்டெலியைக் காத்தது; 1,741 பேரிடம் ஆண்டுக்கணக்கில் கொடுத்த பிறகு 2015இல் வந்த முடிவில் ஒரு நன்மையும் தெரியவில்லை. இரண்டும் எடை போடக்கூடிய, மூளையின் ஆற்றல் வழியில் வேலை செய்யக்கூடிய பொருள்கள். ஹோமியோபதியைப் பொறுத்தவரை, மனிதரிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆஸ்திரேலியத் தேசிய சுகாதார, மருத்துவ ஆய்வு மன்றம், அது பயன் தருவதாக நம்பத்தக்க சான்றுள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று 2015இல் எழுதியது.

ஆகவே அந்த அக்காவிடம் நான் கேட்கச் சொன்னவை இவை: தட்டிய வெறும் சாராயக் குப்பியும் சோதனையில் இருந்ததா? எண்ணியவருக்கு எது எந்தக் குப்பி என்று தெரியுமா? வேறு யாராவது திரும்பச் செய்தார்களா? விடை எதுவானாலும், தானா ராத்தா மருத்துவமனையில் அவர் கணவருக்கு எழுதிக் கொடுத்திருக்கும் லெவோடோபா மாத்திரையை ஒரு வேளைகூட அவர்களாக நிறுத்தக் கூடாது. திடீரென விட்டால் உடல் விறைத்து, கடும் காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது உருண்டைகளின் குப்பியையும் கையோடு எடுத்துப் போய்க் காட்ட வேண்டும். கணவர் மருந்தடிப்பு வேலையில் இருந்த ஆண்டுகளையும் அடித்த மருந்துகளின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அவருடைய கோப்பில் சேர்க்கச் சொல்ல வேண்டும்.